ஒரே ஷீட், ஒரே அச்சு, ஒரே ஓவன்: ஜோடிக் கம்மல் இரண்டும் ஏன் ஒரே அளவில் வரவில்லை?

#1 நூல்கண்டு (ஈரோடு)

எல்லோருக்கும் வணக்கம். ஷ்ரிங்க் ஷீட்டில் (சூடு காட்டினால் சுருங்கிக் கெட்டியாகும் பிளாஸ்டிக் தாள்) வேலை செய்ய ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. இதுவரை சாவிக்கொத்து, பள்ளிப் பையில் தொங்கவிடும் பெயர் வில்லை என்று ஒற்றை ஒற்றையாகத்தான் செய்துகொண்டிருந்தேன். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக ஜோடி போடுகிறேன், இடிக்கிறது.

என் நாத்தனாருக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. வருகிற பெண்களுக்குத் தாம்பூலத்தோடு ஒரு ஜோடி மாங்காய்க் கம்மலும் வைத்துக் கொடுக்கலாம் என்று நானே சொல்லி, 20 ஜோடி ஏற்றுக்கொண்டேன். அட்டையில் மாங்காய் அச்சு வெட்டி, ஏ4 ஷீட்டில் அதை வைத்து வரைந்து, கலர் பென்சில் அடித்து, வெட்டி, துளை போட்டு, ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) 160 டிகிரியில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் சுருங்கி, படிந்து, தட்டையாக வந்துவிட்டது. நிறமும் அழகு.

கொக்கி மாட்டி அட்டையில் ஜோடியாகக் குத்தியபோதுதான் தெரிந்தது. ஒரு மாங்காய் ஒல்லியாக நெட்டையாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பது குட்டையாக, கன்னம் உப்பினாற்போல் இருக்கிறது. ஒரே அச்சு, ஒரே ஷீட், ஒரே தட்டு. எட்டு வைத்ததில் ஆறு ஒரு மாதிரி, இரண்டு ஒரு மாதிரி. எங்கே தவறு செய்கிறேன்?

#2 சமையல்கட்டு (திருச்சி)

ஓடிஜியில் பின்பக்கம் சூடு எப்போதும் தூக்கலாகத்தான் இருக்கும். பிஸ்கட் போட்டாலே பின்வரிசை முதலில் சிவக்கும். பாதியில் தட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

#3 பொன்வண்டு (மதுரை)

அக்கா, அந்த நெட்டையா இருக்கிற ரெண்டும் முழுசா சுருங்குறதுக்கு முன்னாடியே வெளியே எடுத்திருப்பீங்க. எனக்கு அப்படித்தான் ஒரு தடவை ஆச்சு. திரும்ப ஓவன்ல வைங்க, சரியாயிடும்.

#4 நூல்கண்டு (ஈரோடு)

> திரும்ப ஓவன்ல வைங்க, சரியாயிடும்

வைத்துப் பார்த்துவிட்டேன் தம்பி. இன்னும் ஒரு நிமிடம் வைத்தும் ஒரு நூல்கூட மாறவில்லை. தட்டின் முன்பக்கம் இருந்தது ஒன்று, பின்பக்கம் இருந்தது ஒன்று என்றும் பிரிக்க முடியவில்லை. குட்டைகள் எல்லா இடத்திலும் இருந்தன.

#5 பனையோலை (தூத்துக்குடி)

தங்கச்சி, ரெண்டு விஷயம் சொல்லுங்க. நெட்டை, குட்டை இரண்டையும் ஸ்கேலில் அளந்தால் சரியான அளவு என்ன? வெட்டுவதற்கு முன்னால் ஷீட்டில் அந்த எட்டு மாங்காயையும் எப்படி அடுக்கினீர்கள்? எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடியா, இல்லை இடம் மிச்சம் பிடிக்கத் திருப்பித் திருப்பி வைத்தீர்களா?

பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுக்கிறேன். ஷ்ரிங்க் ஷீட்டில் முதலில் பார்க்க வேண்டியது சூடு இல்லை, ஷீட்தான். ஓவன் மேல் பழி போடுவதற்கு முன் ஷீட்டைக் கேட்க வேண்டும்.

#6 நூல்கண்டு (ஈரோடு)

அளந்துவிட்டேன் அக்கா. அச்சு 10 செ.மீ. உயரம், 6.5 செ.மீ. அகலம். சுருங்கிய பிறகு:

குட்டை: உயரம் 4.2, அகலம் 3.1
நெட்டை: உயரம் 4.8, அகலம் 2.7

அடுக்கியது இப்படி. ஏ4 தாளின் நீளம் 29.7. பத்து பத்தாக மூன்று வரிசை வைக்க 30 வேண்டும், மூன்று மில்லிமீட்டர் குறைகிறது. அதனால் இரண்டு வரிசை நேராக வைத்தேன், வரிசைக்கு மூன்று. கீழே மிச்சம் இருந்த பட்டையில் இரண்டு மாங்காயைப் படுக்க வைத்து வரைந்தேன். ஷீட் விலைக்கு அந்தப் பட்டையை வீணாக்க மனம் வரவில்லை.

எழுதும்போதே உறைக்கிறது. நேராக வைத்தது ஆறு, படுக்க வைத்தது இரண்டு. குட்டை ஆறு, நெட்டை இரண்டு!

#7 அரைக்கால் (கும்பகோணம்)

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா கொடுத்த நாலு எண்ணிலேயே விடை இருக்கிறது. பொறுமையாகப் பாருங்கள்.

முதலில் உயரத்தையும் அகலத்தையும் பெருக்குங்கள். குட்டைக்கு 4.2 × 3.1 = 13.02. நெட்டைக்கு 4.8 × 2.7 = 12.96. இரண்டும் ஏறக்குறைய 13. ஒன்று அரைகுறையாகச் சுருங்கியிருந்தால் அதன் பரப்பு கூடுதலாக நின்றிருக்கும். பரப்பு சமமாக இருப்பதால் இரண்டும் முழுதாகச் சுருங்கிவிட்டன. ஓவனையும் நேரத்தையும் இத்தோடு விட்டுவிடலாம்.

அடுத்து, பழைய அளவால் வகுங்கள். குட்டையில் உயரம் 4.2 ÷ 10, அதாவது 42 சதவீதம். அகலம் 3.1 ÷ 6.5, சுமார் 48 சதவீதம். நெட்டையில் உயரம் 48 சதவீதம், அகலம் 2.7 ÷ 6.5, சுமார் 42 சதவீதம். அதே இரண்டு எண்கள், இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

ஆக உங்கள் ஷீட் நீளவாக்கில் 42-க்கும் அகலவாக்கில் 48-க்கும் சுருங்குகிறது. நேராக நின்ற மாங்காயின் உயரம் ஷீட்டின் நீளத்தோடு போனதால் அதிகம் சுருங்கிக் குட்டையாயிற்று. படுத்திருந்த மாங்காயின் உயரம் ஷீட்டின் அகலத்தோடு போனது. அது குறைவாகச் சுருங்கி நெட்டையாக நின்றது. உங்கள் கையில் ஒரு தவறும் இல்லை.

#8 கரண்ட்காரன் (சேலம்)

சார் சொன்னது நூத்துக்கு நூறு. நாங்க வயர் ஜாயிண்ட் மேல போடுற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் இதே கதைதான். ஹீட் கன் (சூடான காத்தை ஊதுற மிஷின்) காட்டினா குறுக்க பாதியாகி வயரை இறுக்கிப் பிடிச்சுக்கும், ஆனா நீளம் அவ்வளவா குறையாது. ஏன்னா கம்பெனியில அதைக் குறுக்கத்தான் விரிச்சு வெச்சிருப்பாங்க. எந்தப் பக்கம் இழுத்து வெச்சாங்களோ அந்தப் பக்கம்தான் திரும்ப வரும்.

#9 நெகிழி (சென்னை)

பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவன், ஷீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

நாம் வாங்கும் ஷ்ரிங்க் ஷீட் பாலிஸ்டைரீன். அதன் மூலக்கூறுகள் நீள நீளமான சங்கிலிகள். சும்மா விட்டால் அவை நூல்கண்டைக் கலைத்துப் போட்ட மாதிரி சுருண்டு கிடக்கும். தொழிற்சாலையில் ஷீட்டை இளகும் அளவுக்குச் சூடாக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு நீளவாக்கில் இழுப்பார்கள். பிறகு இரண்டு ஓரத்தையும் கவ்விப் பிடித்து அகலவாக்கில் இழுப்பார்கள். இழுத்த இழுப்பிலேயே குளிர வைத்துவிடுவார்கள். சங்கிலிகள் விறைத்து நீட்டியபடியே உறைந்து போகும். பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியில் இளகும். ஓவனில் அந்த எல்லையைத் தாண்டியதும் பூட்டு திறக்கிறது, சங்கிலிகள் பழையபடி சுருண்டுகொள்கின்றன. இழுப்பது இரண்டு தனி வேலை என்பதால் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் ஷீட்டை நீளவாக்கில் சுமார் 2.4 மடங்கு இழுத்திருக்கிறார்கள், அகலவாக்கில் 2.1 மடங்குதான். சில ஷீட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, சிலதில் இன்னும் மோசமாக இருக்கும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறவும் கூடும்.

இன்னொன்று. சுருங்குகிறது என்று நாம் சொன்னாலும் பொருள் எங்கும் போகவில்லை. பரப்பு குறைந்த அளவுக்குக் கனம் ஏறுகிறது. 0.42 × 0.48 என்றால் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு. எனவே கனம் ஐந்து மடங்கு. 0.3 மி.மீ. ஷீட் 1.5 மி.மீ. ஆகும். எடையும் மாறாது, சந்தேகம் இருந்தால் நிறுத்துப் பாருங்கள்.

இந்தக் கனம் ஏறும் குணத்தை வைத்துப் பெரிய வேலையே செய்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்தில் இருந்த மிஷெல் கைன் என்ற ஆய்வாளர், குழந்தைகள் விளையாடும் ஷ்ரிங்க் ஷீட்டில் லேசர் பிரிண்டரால் கோடுகள் அச்சடித்து, டோஸ்டர் ஓவனில் சுருக்கினார். மை கோடுகள் குறுகி, மேடாக எழும்பின. அந்த மேட்டை அச்சாக வைத்து, திரவம் ஓடும் மிக நுண்ணிய வாய்க்கால்கள் வார்த்தார். இப்படித் துளித் திரவத்தில் சோதனை செய்யும் ஆய்வுக்கூடச் சில்லு செய்ய விலையுயர்ந்த கருவிகள் வேண்டியிருந்த இடத்தில் இது போதுமானதாக இருந்தது. 2008-ல் அந்த ஆய்வு வெளியானது. நம் மாங்காயில் நடப்பதும் அதேதான்.

#10 வடலி (டொரோண்டோ)

வணக்கம் தங்கச்சி. அரைக்கால் ஐயா சொன்னதை வாசிச்சாப் பிறகுதான் எனக்கும் விளங்கினது. என்ர மகள் வட்டமா வெட்டி வைச்சது ஏன் முட்டை மாதிரி வந்தது எண்டு இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டிருந்தனான்.

இஞ்ச பிள்ளையளுக்கு இது பழைய விளையாட்டு. ஷ்ரிங்கி டிங்க்ஸ் எண்டு சொல்லுவினம். 1973-ல அமெரிக்காவில, விஸ்கான்சின் மாநிலத்து புரூக்ஃபீல்டில பெட்டி மாரிஸ் எண்ட ஒரு அம்மா தொடங்கினது. சின்னப் பெடியளின்ர சாரணர் குழுவுக்கு ஒரு கைவேலை தேடேக்க இந்தப் பிளாஸ்டிக் சுருங்கிறதைப் பார்த்து, பிறகு அதையே விற்பனைக்குக் கொண்டுவந்தவ.

நாங்கள் ஷீட்டும் வாங்கிறேல்லை. கேக் வாற தெளிவான மூடி இருக்குதெல்லோ, அதில முக்கோணத்துக்குள்ள 6 எண்டு போட்டிருந்தா அதுவும் பாலிஸ்டைரீன்தான். தட்டையான பகுதியை வெட்டி எடுத்து அதிலயே செய்யலாம். ஆனா அது எந்தப் பக்கம் எவ்வளவு சுருங்கும் எண்டு சொல்லேலாது.

#11 பொன்வண்டு (மதுரை)

இவ்வளவு விஷயம் இருக்கா! நானும் கேட்டுக்கிறேன். எங்க வீட்டுல ஓடிஜி இல்ல, மைக்ரோவேவ்தான் இருக்கு. அதுல வைக்கலாமா? அப்புறம் வடலி அக்கா சொன்ன மாதிரி நம்ம ஊர் பார்சல் டப்பா மூடியை எடுத்துக்கலாமா? எனக்கு எப்பவும் கலர் ரொம்ப அடர்த்தியாகி, மயில் கழுத்து நீலம் கறுப்பா போயிடுது. துளையும் சில நேரம் கொக்கி போகாத அளவுக்குச் சின்னதாயிடுது.

#12 நெகிழி (சென்னை)

மைக்ரோவேவ் வேண்டாம். அந்த அலை தண்ணீரைப் போன்ற பொருளைத்தான் சூடாக்கும். பாலிஸ்டைரீன் அதை உறிஞ்சாது, ஷீட் அப்படியே கிடக்கும். உங்கள் மைக்ரோவேவில் கன்வெக்ஷன் (ஓவன் மாதிரி சூடான காற்றைச் சுழற்றும் வசதி) இருந்தால் அதில் செய்யலாம்.

பார்சல் டப்பா விஷயத்தில் அடியில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் ஓவனில் வைக்காதீர்கள். நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் 5 அல்லது 1. 5 என்றால் பாலிபுரொப்பிலீன், கோணிக்கொண்டு போகும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, பால் மாதிரி வெளுத்து நெளியும். 3 என்று போட்டிருந்தால் அது பிவிசி. அதைச் சூடாக்கவே கூடாது. கருகினால் அமில வாயு வரும், மூச்சுக்குக் கேடு. எண்ணே இல்லாத மூடியையும் தொடாதீர்கள்.

#13 பனையோலை (தூத்துக்குடி)

நிறமும் துளையும் என் பங்கு.

தம்பி, பரப்பு ஐந்தில் ஒன்றாகும்போது நீ அடித்த நிறம் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் குவிகிறது. ஐந்து மடங்கு அடர்த்தி. அதனால் ஷீட்டில் பார்க்கும்போது "இது என்ன, கழுவிவிட்ட மாதிரி வெளுத்திருக்கிறதே" என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான அளவு. மயில் கழுத்துக்கு அடர்நீலப் பென்சிலை எடுக்காதே. வான நீலத்தை லேசாகப் பூசி, ஓரத்தில் மட்டும் பச்சையை இழு. சுருங்கியதும் அது தானாக மயில் கழுத்தாகும். நான் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு துண்டை ஒதுக்கி, என்னிடம் இருக்கிற எல்லாப் பென்சிலிலும் ஒரு கோடு போட்டுச் சுருக்கி, பென்சில் டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன். கட்டை விரல் அளவுதான் இருக்கும். நிறம் தேர்ந்தெடுக்கும்போது பென்சிலைப் பார்ப்பதில்லை, அந்தத் துண்டைத்தான் பார்ப்பேன்.

கலர் பென்சில் பிடிக்க ஷீட் சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழவழப்பான ஷீட் என்றால் 400 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒரே பக்கமாகத் தேய்த்தால் சுருங்கிய பிறகு கோடு கோடாகத் தெரியும். நெடுக்கே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, ஷீட் பனி மூடிய கண்ணாடி மாதிரி ஆகும் வரை. தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வரைய வேண்டும். மெழுகு கிரேயான் ஆகாது, சூட்டில் உருகி வழியும். அக்ரிலிக் பெயிண்டைக் கெட்டியாகப் பூசினால் சுருங்கும்போது வெடித்து உரியும்.

துளை எப்போதும் சூடு காட்டுவதற்கு முன். பிறகு போடப் பார்த்தால் விரிசல் விடும். சாதாரணப் பஞ்சிங் மிஷின் துளை 6 மி.மீ. அது சுருங்கி இரண்டரை, மூன்று மி.மீ. ஆகும். வளையம் தாராளமாகப் போகும். உனக்குச் சின்னதாவது ஊசியாலோ பென்சில் முனையாலோ போடுவதால்தான் என்று நினைக்கிறேன். ஓரத்தை ஒட்டியும் போடாதே. வெட்டும்போது அரை செ.மீ. விட்டால்தான் முடிந்த பிறகு இரண்டு மி.மீ. சதை நிற்கும். மாங்காயின் நுனி மாதிரிக் கூரான இடத்தைக் கொஞ்சம் மழுக்கி வெட்ட வேண்டும். கனம் ஏறின பிறகு அந்த நுனி கழுத்தில் குத்தும். காதில் போடுகிற பொருள், அதை மறக்கக் கூடாது.

#14 சமையல்கட்டு (திருச்சி)

ஓடிஜி இல்லாதவர்களுக்கு என் வழி ஒன்று. கனமான தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, மேலே பட்டர் பேப்பர் விரித்து, துண்டை வைத்து, இன்னொரு பட்டர் பேப்பரால் மூடிக் கரண்டியால் லேசாக அழுத்துவேன். சின்னச் சின்ன துண்டு நன்றாக வருகிறது. எல்லார் வீட்டிலும் ஓவன் வாங்க முடியாது இல்லையா.

#15 பனையோலை (தூத்துக்குடி)

> கனமான தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து

சகோதரி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோசைக்கல்லில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. 160 டிகிரி போதும் என்கிற இடத்தில் 250-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஷீட் கருகினால் வருகிற புகை நல்லதில்லை. ஒரு துண்டு நழுவிக் கீழே அடுப்புத் தீயில் விழுந்தால் பற்றி எரியும், கரும்புகை வரும். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இதை எழுதி வைப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு அதே கல்லில்தான் தோசையும் ஊற்றுவீர்கள்.

ஓவன் இல்லாதவர்கள் ஹீட் கன் வாங்கலாம். ஓவனைவிட மலிவு. தரை ஓட்டின் மேல் துண்டை வைத்து, பறக்காமல் இருக்கக் குச்சியால் பிடித்து, காற்றைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் மட்டும் இழுத்துக்கொள்ளும். பெரியவர்கள் கையில் இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

#16 சமையல்கட்டு (திருச்சி)

நீங்கள் சொல்வது புரிகிறது அக்கா. ஆனால் நான் தனிக் கல் வைத்திருக்கிறேன், அதில் சமைப்பதில்லை. மூன்று வருடமாகச் செய்கிறேன், ஒன்றும் கருகியதில்லை. கடைசி வரை பக்கத்தை விட்டு நகர மாட்டேன். பிள்ளைகள் செய்யக் கூடாது என்பதை மட்டும் முழுமனதாக ஏற்றுக்கொள்கிறேன். அதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

#17 கரண்ட்காரன் (சேலம்)

ஹீட் கன் பத்தி ஒண்ணு. அதோட வாயில 300 டிகிரிக்கு மேல காத்து வரும். ஒரு சாண் தள்ளிப் பிடிங்க. அணைச்ச உடனே பிளாஸ்டிக் டேபிள் மேல படுக்க வைக்காதீங்க, வாய் ஆறுற வரைக்கும் நிமிர்த்தி நிக்க வைங்க.

#18 நூல்கண்டு (ஈரோடு)

மூன்று நாள் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னதை எல்லாம் செய்து பார்த்தேன்.

ஷீட்டை எடுத்ததும் வேறு எதுவும் வரையாமல், 10 செ.மீ.க்கு 10 செ.மீ. ஒரு சதுரம் வெட்டினேன். ஷீட்டின் நீளவாக்கில் ஒரு அம்புக்குறி போட்டேன். உள்ளே ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு புள்ளி வைத்தேன். என் தம்பி நகைப் பட்டறையில் வேலை பார்க்கிறான், அவனிடம் கொடுத்து நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். 3.1 கிராம்.

ஓடிஜியின் கண்ணாடி வழியாக இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இருபது விநாடி ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு மூலை மெல்லத் தலையைத் தூக்கியது. அடுத்த நொடி நாலு மூலையும் உள்ளே மடங்கி, தணலில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து சுருண்டது. ஒரு மூலை இன்னொரு பக்கத்தைத் தொட்டுவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முன்பு அந்த இடத்தில்தான் பதறி வெளியே எடுத்துக் கெடுத்திருக்கிறேன். இப்போது எடுக்கவில்லை. பத்து, பதினைந்து விநாடியில் தானாக விரிந்து, ஓரம் மட்டும் கொஞ்சம் தூக்கி நின்றது, பிறகு அதுவும் படிந்தது. வெளியே எடுத்த கையோடு மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்து, தரை ஓட்டால் பத்து எண்ணும் வரை அழுத்தினேன்.

நீளவாக்கில் 4.2 செ.மீ. அகலவாக்கில் 4.8 செ.மீ. ஐயா சொன்ன அதே எண். உள்ளே இருந்த புள்ளிகளும் அப்படியே, ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறு பக்கம் கொஞ்சம் விலகியும் நிற்கின்றன. தம்பி திரும்ப நிறுத்தான். 3.1 கிராம்.

நான் வாங்கிய பாக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. "பாதிக்கும் கீழே சுருங்கும்" என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு என்று போட்டிருந்தால் ஒரு ஷீட் மிஞ்சியிருக்கும்.

#19 அரைக்கால் (கும்பகோணம்)

மிக்க மகிழ்ச்சி அம்மா. இனி அச்சைத் திருத்துவோம்.

உங்கள் மாங்காயின் உருவம் 10-க்கு 6.5. அந்த வடிவம் சுருங்கிய பிறகும் கெடாமல் இருக்க வேண்டுமானால், வரையும்போதே அகலத்தைக் குறைத்து வரைய வேண்டும். ஏனென்றால் அகலம் குறைவாகத்தான் சுருங்கும்.

உயரத்தை 10-க்குப் பதில் 9.8 ஆக வையுங்கள். மூன்று வரிசைக்கு 29.4 செ.மீ. 29.7-ல் அடங்கிவிடும்! நீங்கள் படுக்க வைத்ததற்குக் காரணமே அந்த மூன்று மில்லிமீட்டர்தானே. சுருங்கிய உயரம் 9.8 × 0.42, அதாவது 4.1. அதற்கேற்ற அகலம் 2.7 வேண்டும். 2.7-ஐ 0.48-ஆல் வகுத்தால் 5.6. ஆக அச்சு 9.8-க்கு 5.6.

ஷீட்டுக்கு மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, மொத்தம் ஒன்பது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். 20 ஜோடிக்கு 40 துண்டு. ஐந்து ஷீட்டில் 45 வரும், ஐந்து கையிருப்பு. முன்பு படுக்க வைத்தும் ஐந்து ஷீட்டில் சரியாக 40-தான் வந்திருக்கும். இப்போது ஒன்று கெட்டாலும் மாற்று இருக்கிறது.

இடது காதுக்கும் வலது காதுக்கும் மாங்காய் எதிரெதிராகத் திரும்ப வேண்டும் இல்லையா? அச்சைக் கண்ணாடிப் பிம்பம்போல் புரட்டிப் போடலாம், தவறில்லை. கால் சுற்றுத் திருப்புவதுதான் கூடாது. தலைகீழாக வைத்தாலும் அளவு மாறாது.

#20 வடலி (டொரோண்டோ)

ஐயா, எனக்கும் ஒரு கணக்குச் சொல்லுங்கோ. மகள் ஏழுக்கு ஏழு புள்ளி வைச்சு ஒரு கோலம் போட்டுச் சுருக்கப் போறா. புள்ளிக்குப் புள்ளி அரை செ.மீ. வரவேணும். நூல்கண்டு தங்கச்சியின்ர ஷீட் மாதிரியே எண்டு வைச்சால் எப்படி வைக்கிறது?

#21 அரைக்கால் (கும்பகோணம்)

5 மி.மீ.-ஐ 0.42-ஆல் வகுத்தால் 11.9. 0.48-ஆல் வகுத்தால் 10.4. நீளவாக்கில் புள்ளிக்குப் புள்ளி 11.9 மி.மீ., அகலவாக்கில் 10.4 மி.மீ. வரையும்போது கோலம் நீண்டு தெரியும், குழந்தை கவலைப்பட வேண்டாம், சூட்டில் சதுரமாகிவிடும். ஆனால் முதலில் உங்கள் ஷீட்டில் ஒரு சதுரம் சுருக்கிப் பாருங்கள். இந்த இரண்டு எண்ணும் ஈரோட்டு ஷீட்டுக்குத்தான் சொந்தம்.

#22 பொன்வண்டு (மதுரை)

பனையோலை அக்கா, வான நீலம் + ஓரத்துல பச்சை போட்டேன். மயில் கழுத்து மயில் கழுத்தாவே வந்திருக்கு!! மேல பளபளப்புக்கு நெயில் பாலிஷ் பூசலாமா?

#23 நெகிழி (சென்னை)

பூசாதீர்கள். நெயில் பாலிஷில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்னும், மேற்பரப்பு பிசுபிசுத்து மங்கிவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு போதும். கம்மல் கொடுக்கும்போது நெயில் பாலிஷ் ரிமூவர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிக் கொடுங்கள். நூல்கண்டு அவர்களும் கவனிக்கவும்.

#24 நூல்கண்டு (ஈரோடு)

45-ம் முடிந்தது. இரண்டில் மூலை ஒட்டிக்கொண்டது, ஒன்று வெட்டும்போதே கீறல் விட்டது. 42 நன்றாக வந்திருக்கிறது, 21 ஜோடி. ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் வெட்டுவதற்கு முன்பே அம்புக்குறி போட்டுவிட்டேன், துண்டுகளின் பின்பக்கமும் சின்னதாக ஒரு கோடு.

அளந்தேன். உயரம் எல்லாம் 4.1, ஒன்றிரண்டு 4.0. அகலம் 2.7. நேற்று இரவு அட்டையில் ஜோடி ஜோடியாகக் குத்தி ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்தேன். காலையில் மாமியார் ஒரு ஜோடியை எடுத்து இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டிப் பிடித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஜோடியைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். இருபத்தொன்றாவது ஜோடிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

ஐயா, அந்தப் பழைய நெட்டை இரண்டும் என்னிடமே இருக்கின்றன. படுக்க வைத்த இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான ஜோடிதானே! அதை நான் போட்டுக்கொண்டு வளைகாப்புக்குப் போகிறேன்.